காதிலிருந்து எடுத்தது

கொழிஞ்சாம்பாறை. மார்ச்.
காலை ஏழரைக்கே கரிசல் வெடிப்பில் விரல் விட்டால் சுடுகிறது.
கொட்டகைக்குத் தண்ணீர் அடித்தபடி குஞ்ஞப்பன் சொன்னார்:
"நாப்பத்தேழு இன்னைக்கும் கத்தலை."

கத்தாதது நல்ல செய்தி.
இருபத்தொன்றாம் நாள் பருவம் திரும்பாவிட்டால்
உள்ளே ஏதோ பிடித்திருக்கிறது.

பிடித்திருப்பது அதன் பிள்ளை அல்ல.
மூன்று வருடம் முன்பு செத்த ஓர் ஆண்பன்றி,
நாய் கடித்து இடக்காது கிழிந்தது.
அந்தக் காதில் நகக்கண் அளவு தோல் எடுத்து,
உறையவைத்து, எழுப்பி,
உள்ளீடு நீக்கிய முட்டைகளில் குடிவைத்தோம்.
ஒரு வயிற்றுக்கு நூற்று இருபது.

பன்றிக்கு ஒரு கணக்கு உண்டு.
மிளகு போலிருந்த கரு
பன்னிரண்டாம் நாள் நூலாய் நீளும்,
ஒரு முழத்துக்கு நீளும்,
நீண்டபடியே "இருக்கிறேன்" என்று சொல்லும்.
ஒன்று சொன்னால் கருப்பை நம்பாது.
மூன்று சொன்னாலும் போதாது.
நாலாவது சேர்ந்து சொன்னால்தான்
உள்சுவர் இளகி
இரும்பும் சர்க்கரையும் கசியும்.

காதிலிருந்து பிறந்தவை.
கேட்கத்தான் தெரியும் போல.
எட்டுப் பன்றிகளில் ஐந்து
இருபத்தொன்றிலேயே கத்திவிட்டன.

பிடித்தவற்றில் இரண்டை
முப்பதாம் நாள் திறந்தோம்.
திறக்காமல் அந்தச் சுவர் எப்படிப் பேசுகிறதென்று
பார்க்க வழியில்லை.
ஒன்றில் ஆறு கருக்கள், கட்டைவிரல் நுனியளவு.
"வெற்றி" என்று எழுதினார் ஷைனி டாக்டர்.
அவர் எழுதும்போது
வெற்றி தட்டில் இருந்தது.

என் வேலை அதற்கப்புறம்.
சுரண்டி, அரைத்து, சுழற்றி,
ஜெல் தகட்டில் இரவெல்லாம் நீலச் சாயம்.
இயல்பான சினையில்
கரிய மச்சமாய் விழும் இரும்புப் புரதம்
இவற்றில் காப்பிக்கறை போல மங்கல்.
துருவைத் தடுப்பது இருந்தும் இல்லாமல்.
செல்லைச் செத்துப்போ என்று சொல்லும் புரதம் மட்டும்
நன்றாகத் தெரிந்தது,
கண்ணாடி போடாமலே.

மீதியை ஐஸ் பெட்டியில் வைத்துக்
கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டார்கள்.
பன்றிக் காய்ச்சல் கெடுபிடி.
"பெட்டியில என்னம்மா?"
"புரதம், சார்."
"ஜிம்முக்கா?"
அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.
அவர் படிக்கவில்லை.
என் கைகளைப் பார்த்துவிட்டு
"மாஸ்டர் யாரு, நல்ல மாஸ்டரா?" என்றார்.
பஸ் முழுக்கச் சிரித்தது. நானும்.
சிரித்துக்கொண்டே எல்லை தாண்டினேன்,
மடியில் இரண்டு கருப்பைகள்.

நாற்பத்தேழுக்கு முப்பதாம் நாள்
வெள்ளிக்கிழமை.
வியாழன் மாலை உத்தரவு வந்தது:
எட்டு மைல் தள்ளி ஒரு பண்ணையில் நோய்.
எதையும் நகர்த்தக்கூடாது, அறுக்கக்கூடாது.
தீட்டி வைத்த கத்தியை
ஷைனி டாக்டர் துணியில் சுற்றி
பீரோவில் வைத்தார்.
அவர் முகத்தில் இருந்ததை
ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன்.

முப்பது போயிற்று. அறுபது போயிற்று.
குஞ்ஞப்பன் பாட்டுக்குத் தவிடு கரைத்தார்.
அதற்குக் கணவாய்க் காற்று பக்கம் படுக்கப் பிடிக்கும் என்று
அவர்தான் கண்டுபிடித்தார்.

ஆனி இரண்டாம் தேதி, சாரலோடு,
நூற்றுப் பதினைந்தாம் நாள்,
நாலு குட்டிகள்.
இரண்டு பிறக்கும்போதே நீலம்.
ஒன்று சாயங்காலம் வரை.
நாலாவது காம்பைத் தேடி
குஞ்ஞப்பனின் கட்டைவிரலைக் கவ்வியது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அதே மூக்கு. அதே புள்ளி, முதுகில்.
இடக்காது முழுசாக இருந்தது.
நாய்க்கடி மட்டும்
செல்லுக்குள் ஏறியிருக்கவில்லை.

இப்போது ஆய்வேட்டின் அட்டவணையில்
நாற்பத்தேழின் வரிசை.
குட்டி: ஒன்று, உயிருடன்.
கருப்பைப் புரதம்:
கட்டம் காலி.

திறந்தவை எல்லாம் பேசிவிட்டன.
இது ஒன்றுதான் சரியாகப் பேசியது,
யாரும் கேட்கவில்லை.

"மாதிரி எடுக்கப்படவில்லை" என்று எழுதச் சொன்னார் டாக்டர்.
எழுதினேன்.
வெளியே அது பால் குடிக்கும் சத்தம்,
ஈரச் செருப்பு நடப்பது போல.